எழுத்துக் கட்டம்: கேள்வி பதில்

சனசமூக நிலையங்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் இதை நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு தாளில் 5×5 கட்டம் கீற வேண்டும். முறை வைத்து ஒவ்வொருவராக ஓர் எழுத்தைச் சொல்ல, எல்லாரும் அதைத் தம் கட்டத்தில் விரும்பிய இடத்தில் உடனே எழுத வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. நிரம்பியதும் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வரும் சொற்களுக்குப் புள்ளி. சாய்வாக வந்தால் சேராது.

கோப்பாய்: அக்கா, எத்தனை பேர் விளையாடலாம்? 25 கட்டம் சரியாப் பிரிபடுதில்லை.

5 பேர் என்றால் ஆளுக்கு 5 அழைப்பு. 2, 3, 4, 6 பேர் என்றால் 24 அழைப்போடு நிறுத்துங்கள். கடைசிக் கட்டத்தில் அவரவர் விரும்பிய எழுத்து. 6 பேருக்கு மேல் வேண்டாம், குழுவாகப் பிரியுங்கள். பேனையால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் கொடுத்தால் கட்டாயம் அழிப்பார்கள்.

சாவகச்சேரி: எங்கட பிள்ளையளுக்கு இரண்டு சொல்லுக்கு மேல வருகுதில்லை. ஒருத்தர் ‘கௌ’ எண்டுறார், மற்றவர் ‘ஙு’ எண்டுறார்.

247 எழுத்திலிருந்தும் கேட்க விட்டால் அப்படித்தான் முடியும். அழைப்பவர் மெய்யின் இனத்தை மட்டும் சொல்லட்டும். ‘க’ என்றால் க், க, கா, கி, கூ எதையும் எழுதலாம். ‘உயிர்’ என்றால் பன்னிரண்டில் ஒன்று. ஆக 18 மெய்யும் உயிரும் சேர்த்து 19 அழைப்புகள்தான். க, ட, ல மூன்றையும் சொன்னால் ஒருவர் கடல் எழுதுவார், மற்றவர் குடில், இன்னொருவர் கூடல். ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு தாளும் வேறாக வளரும்.

எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். உயிர் சொல்லின் முதலில் மட்டுமே வரும். நடுக்கட்டத்தில் வைத்தால் அது சுவர். இடது ஓரம் அல்லது மேல் வரிசைதான் அதன் இடம். இடப்பக்க மேல் மூலை இரண்டு திசைக்கும் உதவும். ழ, ள, ண, ன முதலில் வராது. க், ச், த், ப் தங்கள் இனத்தை மட்டுமே அடுத்து ஏற்கும். ட், ற் என்றால் காட்சி, கற்பு போல வேறு வல்லினமும் வரலாம். இந்த ஆறு வல்லின மெய்யிலும் தமிழ்ச் சொல் முடியாது, வலது ஓரத்தில் வைத்தவர் அந்த வரிசையை இழந்தார். அதனால் ‘த’ வந்த கையோடு இன்னொரு ‘த’ அழைப்பது நல்ல உத்தி: ப, த, த, க, ம வந்தால் ‘புத்தகம்’, முழு வரிசை.

மானிப்பாய்: புள்ளி எப்படி?

5 எழுத்துக்கு 10, 4க்கு 6, 3க்கு 3, 2க்கு 1. கல், பல், கண் என இரண்டெழுத்துச் சொல் தமிழில் கொட்டிக் கிடப்பதால் அதற்குக் கூடக் கொடுக்காதீர்கள். ஒரு வரிசைக்குள் ஒரே எழுத்தை இரண்டு சொல்லுக்கு எண்ணக் கூடாது. தாளைப் பக்கத்தில் இருப்பவர் திருத்தட்டும்.

நெல்லியடி: இனம் சொல்லுற முறை சோம்பேறி முறை. சொன்ன எழுத்தையே எழுதினாத்தான் மூளைக்கு வேலை.

மூன்று பேர் மூன்று சுற்று ஆடிப் பாருங்கள். சரியான எழுத்தையே கேட்கும் முறையில் அழைப்பவருக்குத்தான் வேலை. மற்றவர்கள் பொருந்தாததைக் கொட்ட இடம் தேடுவார்கள். ‘ங்’ அழைத்து எல்லாரையும் முடக்குவதே வெல்லும் வழியாகிவிடும்.

நெல்லியடி (மறுபடியும்): முடக்குறதும் ஆட்டந்தானே? சதுரங்கத்தில முடக்குறேல்லையா?

சதுரங்கத்தில் ஒரு காய் முடங்கினாலும் பெரும்பாலும் மாற்று நகர்வு உண்டு, இங்கே இல்லை. ஆனால் உங்கள் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது: உயர்தரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்தால் சரியெழுத்து முறை கூர்மையாக இருக்கும். அப்போது ஒரு கட்டுப்பாடு போடுங்கள்: தன் தாளில் ஒரு சொல்லுக்குப் பயன்படாத எழுத்தை அழைத்தவருக்கு 2 புள்ளி குறைப்பு. பத்து வயதுப் பிள்ளைகளோடு அந்த முறையை ஆடாதீர்கள். இரண்டாவது சுற்றிலேயே எழும்பிப் போய்விடுவார்கள்.

பருத்தித்துறை: நெல்லியடிக்காரர் சொன்னதுதான் சரி. எங்கட குழுவில அப்படித்தான்.

ஆடுங்கள். குறைப்பு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுன்னாகம்: மரத்தை, மரத்தில் எல்லாம் சொல்லா?

இல்லை. அகராதியில் தலைச்சொல்லாக நிற்பது மட்டும். வேற்றுமை உருபை அனுமதித்தால் எல்லாரும் ‘ஐ’, ‘இல்’ என்று ஒட்டிப் புள்ளி சேர்ப்பார்கள். ‘கடலை’ சரி, ஏனென்றால் அது கோயில் வாசலில் விற்கும் பண்டம். ஆட்பெயர், ஊர்ப்பெயர் வேண்டாம்.

ஊர்காவற்றுறை: கச்சான், கதிரை, றோட்டு?

நாங்கள் பேசி எழுதும் சொற்கள், தாராளமாக. க்ரியாவின் அகராதி 2008 பதிப்பு இலங்கை வழக்குகளையும் சேர்த்திருக்கிறது. ஆனால் எந்த அகராதி தீர்ப்பு என்பதைக் கட்டம் கீறமுன் முடிவெடுங்கள். பிறகு முடிவெடுத்தால் சண்டை.

கொடிகாமம்: ஆட்களின்ர பேர் எழுதலாமா?

சுன்னாகத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அச்சுவேலி: 30 பிள்ளையள் இருக்கினம், நான் ஒருத்தர்தான்.

துண்டுச் சீட்டு எடுங்கள். 50 சீட்டு: க, ம தலா 5, த, ப, ர, ல தலா 4, ட, ச, வ, ன தலா 3, உயிர் 3, ற 2, ந, ண, ய, ள, ழ, ங, ஞ தலா 1. பையில் போட்டுக் குலுக்கி நீங்களே 25 எடுத்து வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி கொடுத்து, அடுத்ததை எடுக்கமுன் எல்லாப் பேனையும் கீழே வைக்கச் சொல்லுங்கள். உயிரை 3க்கு மேல் கூட்டினால் ஓரங்கள் சீக்கிரம் நிரம்பி நடுவில் சுவர்கள் எழும்பிவிடும்.

வட்டுக்கோட்டை: பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி செய்யிறது எப்படி?

அது வேறு கலை. குறுக்கெழுத்து அமைப்பவர்களிடம் கேளுங்கள்.

கைதடி: பென்சில் பாவிக்கலாமா அக்கா?

பேனை. கோப்பாய்க்கும் அதைத்தான் சொன்னேன்.