டிரிப் சீக்கிரம் தீர்ந்ததற்காக வேலையை விட வேண்டாம்

குடியாத்தம் நர்சிங் ஹோமில் சேர்ந்து 2 மாதம். 4 மணி நேரம் ஓட வேண்டிய சலைன் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. நோயாளி முன்னாலேயே டாக்டர் திட்டிவிட்டார். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம் தங்கச்சி. வேலூரில் என் முதல் வருட நைட் டியூட்டியில் இதே கூத்துதான். நான் வைத்த சொட்டு சரி. ஆனால் கையை மடக்கிப் படுத்திருந்த பாட்டி அதை நீட்டியதும் வேகம் எகிறிவிட்டது. அதனால் கையை நேராக வைத்த பிறகு எண்ணுங்கள், முழுதாக ஒரு நிமிடம்.

கணக்கு இதுதான்: மொத்த மில்லியை டிரிப் செட்டின் சொட்டு எண்ணால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது) பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மில்லி, 20 சொட்டு செட், 4 மணி நேரம் என்றால் 10,000-ஐ 240-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 42 சொட்டு. சொட்டு எண் உறையிலேயே இருக்கும். 15 என்றும் வரும், பார்க்காமல் போடாதீர்கள்.

அப்புறம், பாட்டிலில் நீளமாக பிளாஸ்டர் ஒட்டி, ஒரு மணி நேர அளவான 125 மில்லிக்கு ஒரு கோடு போட்டு மணியை எழுதிவிடுங்கள். வார்டு வாசலிலிருந்தே தெரியும். நோயாளியின் கூட இருப்பவர்கள் பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருப்புவார்கள் (எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!). வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம், இதய நோயாளிக்கு இன்னும் ஆபத்து என்று சொல்லுங்கள், தொட மாட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சார்ட்டில் எழுதினீர்களா? இல்லையென்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, தாமதப் பதிவு என்று குறிப்பிட்டே எழுதுங்கள். பழைய நேரம் போடாதீர்கள்.