மாலை யாருக்கு முதலில்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காவல் ஆய்வாளராக ஓய்வு பெறுகிறார். ஊர் சார்பில் பாராட்டு விழா வைக்கிறோம். அதே மேடையில் பெருங்காமநல்லூர் தியாகிகளுக்கும் மருது சகோதரர்களுக்கும் மரியாதை செய்ய ஆசை. ‘சுட்டதும் போலீஸ், மாலையும் போலீஸுக்கா?’ என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். – வாசகர், உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், அவர்கள் வாயை அடைக்காதீர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டது வெள்ளைக்கார அரசின் போலீஸ். ரேகைச் சட்டம் என்று நம் பக்கம் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிந்து கைரேகை வைக்க ஊர் மறுத்தது. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இதை மேடையில் மழுப்பாமல் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தால், ராத்திரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்காமல் அயலூரில் தங்க முடியாதிருந்த மக்களின் பக்கத்திலிருந்து ஒருவர் அதே காக்கியில் ஆய்வாளராகி ஓய்வு பெறுகிறார். இதற்கு மேல் விளக்கவுரை எதற்கு?

வரிசை இப்படி இருக்கட்டும். விழா அன்று காலையில் அவரையே பெருங்காமநல்லூர் நினைவிடத்துக்கு அழைத்துப் போங்கள். சீருடை வேண்டாம், வேட்டி சட்டை போதும். முதல் மாலையை அவர் கையால் போடட்டும். சாயங்கால விழாவில் படங்களை மேடையின் ஓரத்தில் தனி மேசையில் வையுங்கள். விருந்தினர் நாற்காலிகளுக்குப் பின்னால் வைத்தால் இரண்டு மணி நேரமும் எல்லோரும் தியாகிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். 16 பேருக்கும் படம் தேடி அலைய வேண்டாம். ஒரு பலகையில் 16 பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி, எழுத்துப் பிழை இல்லையா என்று ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வையுங்கள். மலர் தூவி முடித்து, ஒரு நிமிடம் மௌனம். அதன் பிறகுதான் பொன்னாடை.

கேள்வி: பிளெக்ஸில் என்னென்ன தப்பு வரும்? – மேலூர் வாசகர்

பதில்: நிறைய. முதலாவது, கடைக்காரர் கையிலிருக்கும் பழைய டிசைன். மறைந்தவர் படத்துக்கு வைக்கும் மாலையும் குத்துவிளக்கும் அதிலேயே இருக்கும். ஓய்வு பெறுபவர் படத்தை அதில் ஒட்டினால், தூரத்திலிருந்து பார்ப்பவர் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார். மாலையும் விளக்கும் மறைந்தவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது, முகங்கள். மருது சகோதரர்களுக்கோ வேலு நாச்சியாருக்கோ புகைப்படம் கிடையாது. நாம் பார்ப்பதெல்லாம் பிற்காலத்து ஓவியர் வரைந்தவை. இணையத்தில் தேடினால் வேடம் போட்ட சினிமா நடிகர் வந்து நிற்பார், அதையே அச்சடித்துவிடுவார்கள். மருது சகோதரர்களுக்கு 2004-லும் வேலு நாச்சியாருக்கு 2008-லும் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டிருக்கிறது. அதிலுள்ள உருவத்தைக் காட்டி வரையச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தேதி. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில். காளையார்கோவில் குருபூஜை அக்டோபர் 27. இரண்டையும் குழப்பி 27-ஐ நினைவு நாளாகப் போடுகிறார்கள். திருப்பத்தூர் என்று மொட்டையாகப் போட்டால் வடக்கே இருக்கும் மாவட்டத் தலைநகர் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘சிவகங்கைச் சீமை’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலு நாச்சியார் சீமையை மீட்டது 1780. அவர் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் வீழ்ந்தது 1772.

அச்சுக்கு முன் டிசைனை வாட்ஸ்அப்பில் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறும், சில புள்ளிகள் காணாமல் போகும். சின்னத் திரையில் கண்ணுக்குப் படாது. ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, டிசைன் பார்க்காத ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பேனர் வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும் என்பதைப் போலீஸ்காரர் விழாவில் மறப்பது ரொம்பக் கேவலம்.

யாருடைய படங்களைச் சேர்ப்பது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கும் அந்த வீரருக்கும் என்ன தொடர்பு என்று பாருங்கள். சொந்தச் சாதி என்பதால் சேர்த்து, மற்றதை விட்டால், எல்லாச் சாதிக்காரர் மனுவையும் வாங்கிய அதிகாரியை ஒரே தெருவுக்குள் அடைத்ததாகிவிடும்.

கேள்வி: விழாவைப் பணி முடியும் முன் வைக்கலாமா? – திருமங்கலம்

பதில்: பிறகே வையுங்கள். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளோடு பணி முடியும். பிறந்தது 1-ஆம் தேதி என்றால் முந்தைய மாதக் கடைசி. பணியில் இருப்பவர் பொதுமக்கள் எடுக்கும் பாராட்டை ஏற்க நடத்தை விதிகளின்படி மேலிட அனுமதி வேண்டியிருக்கும். காவல் நிலையத்தில் சக ஊழியர் நடத்தும் வழியனுப்பு வேறு. ஊர் விழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் தலைவலி இல்லை. பெயருக்குப் பின் ‘காவல் ஆய்வாளர் (ஓய்வு)’ என்று போட்டுவிடுங்கள். பதக்கம் வாங்கியிருந்தால் சான்றிதழைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள். பொங்கலை ஒட்டித் தரும் முதலமைச்சர் பதக்கம் வேறு, செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தரும் அண்ணா பதக்கம் வேறு.

கேள்வி: கேடயத்தில் சிங்க முத்திரை போடலாமா? வீரவாள் கொடுக்கலாமா?

பதில்: சிங்க முத்திரை கூடாது, அதைத் தனியார் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அரசு இலச்சினையையும் தொடாதீர்கள். வாளைப் பொறுத்தவரை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கூர்வாள் ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் வருகிறது. முனையும் கூரும் இல்லாத அலங்கார வாளானாலும் நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அவர் மனைவிக்கு ஒரு சுங்குடிச் சேலை கொடுங்கள், அலமாரியில் தூங்காது.

கேள்வி: பூ எவ்வளவு வாங்குவது? மல்லிகை தாங்குமா?

பதில்: 200 பேர் மலர் தூவ உதிரிப்பூ 3 கிலோ போதும். ஆளுக்கு ஒரு பிடி, சுமார் 15 கிராம். மல்லிகையை மொட்டாகக் காலையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மாலை விழாவில் விரிந்து மணக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் பழுத்துவிடும். நாள் முழுக்கத் தொங்கும் படத்து மாலைக்குச் சம்பங்கி.