பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்?

அப்பாவின் 35 மி.மீ. ஸ்லைடுகளைப் பத்தடி தூரத்தில் போட்டுப் பார்க்க, 102 மி.மீ. லென்ஸோடு ஒரு கோடாக் கரௌசல் ஸ்லைடு புரொஜெக்டர் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மெஷின் தாராளமாகப் போதும், லென்ஸில்தான் இடிக்கிறது. பத்தடியில் அது மூன்றேகால் அடி அகலப் படம்தான் தரும். 76 மி.மீ. கிடைத்தால் நாலரை அடிக்குக் கிட்ட வரும்.

அப்புறம், ஸ்லைடுகளுக்கு அட்டைச் சட்டம் என்றீர்கள். விளக்குச் சூட்டில் அதிலுள்ள ஃபிலிம் லேசாக வளையும். அதற்கென்றே ‘கர்வ்டு ஃபீல்டு’ லென்ஸ் உண்டு, ஓரம்வரை தெளிவாக இருக்கும். கண்ணாடிச் சட்டமென்றால் ‘ஃப்ளாட் ஃபீல்டு’. ஸ்லைடுகளை அடுக்கும் தட்டு 80 பிடிப்பதையே எடுங்கள். 140 பிடிக்கும் தட்டில் தடித்த அட்டைகள் சிக்கும்.

கோடாக் 2004-இல் இந்த மெஷின்களின் தயாரிப்பை நிறுத்திவிட்டது, எல்லாமே பழசுதான். உதிரி பல்பு ஒன்றையும் சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.