கேஸ் ஷீட்டில் எழுதிய ஊசி

அன்புள்ள அம்மா,

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ், இது இரண்டாவது வருடம். போன வாரம் நைட் டூட்டியில் 71 வயதுப் பாட்டி ஒருவர். காலை டிபனுக்கு முன் மிக்ஸ்டார்ட் இன்சுலின் ஊசி 16 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. ஆனால் ராத்திரி இரண்டு தடவை வாந்தி. காலையில் கஞ்சியும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறரைக்கு சுகர் பார்த்தேன், 82. டூட்டி டாக்டருக்கு போன் செய்து, "சார், பாட்டிக்கு இன்சுலின் போடட்டுமா?" என்றேன். "அதான் எழுதியிருக்குல்ல? நீ டாக்டரா, நர்ஸா?" என்று போனை வைத்துவிட்டார். நான் போடவில்லை. காலை டூட்டிக்கு வந்த சீனியர் சிஸ்டர், "எழுதினதைப் போட்டிருந்தா உனக்கு ஒரு வம்பும் இல்லை" என்றார். நான் செய்தது சரியா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள மகளே,

ஊசியை நிறுத்தியது சரி.

மிக்ஸ்டார்ட் 30/70 மருந்தில் நூற்றுக்கு முப்பது பங்கு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதற்குள் வயிற்றுக்குள் ஏதாவது போயாக வேண்டும். மிச்ச எழுபது பங்கு மதியம் தாண்டியும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். 70க்குக் கீழே போனாலே சுகர் இறங்கிவிட்டது என்கிறோம். 82இல் நின்ற பாட்டிக்கு எவ்வளவு தூரம் மிச்சம்? அந்த 16 யூனிட், சாப்பிடப்போகிற பாட்டிக்காக எழுதப்பட்டது. வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த பாட்டியைப் பார்த்தவள் நீ மட்டும்தான்.

உன் சீனியர் சொன்ன அந்த 'வம்பில்லாத' வேலையை நான் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில், மெடிக்கல் வார்டில், இதே மாதிரி ஒரு காலை. எழுதியிருந்தது, போட்டேன். பெரியவர் சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி, "இப்பதாம்மா அசந்து தூங்குறார்" என்றார். நானும் போர்வையை இழுத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன். பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர் அவர். சுகர் இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. படித்த பாடம்தான். நெற்றியைத் தொட்டிருந்தால் என் கை நனைந்திருக்கும். ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர் தொட்டார். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றிய பிறகுதான் பெரியவர் கண் திறந்தார். ஆர்டர் இருந்ததால் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் போர்வையை இழுத்துவிட்டதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

டாக்டர் பேசியது தப்பு, அதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்ட கேள்வியைத் திரும்பப் படி. "போடட்டுமா?" என்பதில் வாந்தி இல்லை, கஞ்சி இல்லை, 82 இல்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அது அனுமதி கேட்பதாகத்தான் விழும். இப்படிச் சொல்லியிருக்கலாம்: "சார், பதினாலாம் பெட், 71 வயசு. காலைல மிக்ஸ்டார்ட் 16 இருக்கு. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி, ஒண்ணும் சாப்பிடல, சுகர் 82. போட்டா இறங்கிடும்னு பயமா இருக்கு. நிறுத்தி வெச்சிருக்கேன், நீங்க வந்து பார்க்கணும்." நிலைமை, பின்னணி, உன் கணிப்பு, உனக்கு என்ன வேண்டும் என்ற இந்த வரிசை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்காரர்களிடமிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. மூன்றாவதாக வருகிற கணிப்பைச் சொல்லத்தான் நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். "பயமா இருக்கு" என்று ஒரு நர்ஸ் சொன்னால் அது மருத்துவத் தகவல், மகளே.

டாக்டர் போனை வைத்துவிட்டால் திரும்பக் கூப்பிட வேண்டும். எடுக்காவிட்டால் பிசிஷியனை, நர்சிங் சூப்பிரண்டை. நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது பாதி வேலைதான். பாட்டிக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை நோயாக இருந்தால் இன்சுலினை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். குறைத்துப் போடுவதா, குளுக்கோஸோடு போடுவதா என்பதை டாக்டர் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கையில் கிடைக்கும்வரை விடக்கூடாது.

உன் கடிதத்தில் ஒன்று இல்லை. ஊசியை நிறுத்திய பிறகு பாட்டியின் சுகரை எப்போது திரும்பப் பார்த்தாய், எவ்வளவு இருந்தது? போன் செய்த நேரத்தையும் டாக்டர் சொன்னதையும் நர்சஸ் நோட்ஸில் எழுதினாயா? பாட்டி அதற்குப் பிறகு சாப்பிட்டாரா? எனக்கு எழுது.