ஐடிலும் ஏறுகிறது, சூடும் ஏறுகிறது

கிள்ளான் வாசகர் ஒருவர் தம்முடைய 1994ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் பற்றிக் கேட்டிருக்கிறார். எஞ்சின் சூடான பிறகும் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், 1,500 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்கு) கீழே இறங்குவதில்லை. சில வேளைகளில் 1,000க்கும் 2,000க்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் மேலே போகிறது. பட்டறையில் ஐடில் ஸ்குரூவை இரண்டு முறை திருகியும் பயனில்லாமல் இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்களாம்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு கோளாறுகளாகத் தெரிபவை பெரும்பாலும் ஒன்றுதான்: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்து, அதன் இடத்தில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கால ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கு அடியில் மெழுகு நிரப்பிய சிறிய வால்வு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது திறந்திருந்து கூடுதல் காற்றை உள்ளே விடுவதால்தான் காலையில் ஐடில் உயர்ந்திருக்கிறது. சூடான கூலண்ட் அதைச் சுற்றி ஓடத் தொடங்கியதும் மெழுகு விரிந்து வால்வை மூடிவிடும். கூலண்ட் அங்கே வந்து சேராவிட்டால் எஞ்சின் கொதித்தாலும் வால்வுக்கு அது விடியற்காலைதான். த்ராட்டில் மூடியிருந்தும் சுழற்சி அதிகமாக இருப்பதைக் காணும் கணினி பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுந்ததும் மீண்டும் கொடுக்கிறது; அந்த ஏற்ற இறக்கம் இதனால் வருவது. ரேடியேட்டர் விசிறியை இயக்கும் சுவிட்சும் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் ஏறத்தாழ 93 டிகிரியில் வேலை செய்யும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: சூடு காட்டும் முள்ளுக்கான சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். பக்கத்திலுள்ள உபரி கூலண்ட் டப்பா நிறைந்திருக்கிறதே என்று நம்ப வேண்டாம்; மூடியின் ரப்பர் பழுதானால் டப்பா நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கும். வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் உள்ள வண்டியென்றால் அதை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். குமிழியில்லாமல் ஒரே சீராக வழிந்ததும் போல்ட்டை இறுக்கி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை குறையக் குறைய ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வால்வை அடைக்கும் துருவும் உப்பும் அதிலிருந்தே வருகின்றன.

ஐடில் 700-800க்கு இறங்கிவிட்டால், திருகிய ஸ்குரூவையும் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இறங்காவிட்டால், சூடான எஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் வாயின் கீழ்த் துளையில் விரல் வையுங்கள். உறிஞ்சினால் மெழுகு வால்வு மூடவில்லை என்று பொருள். அதன் உள்ளே மரையிட்ட பிளாஸ்டிக் துண்டு தளர்ந்து வெளியே வந்திருப்பதும் வழக்கம், அதை மெல்லத் திருகி உள்ளே இறக்கினாலே போதும். உறிஞ்சவில்லையென்றால் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்திலுள்ள வாக்குவம் குழாய்களிலும் இன்டேக் கேஸ்கெட்டிலும் காற்றுக் கசிவைத் தேட வேண்டும்.

ஊற்றிய கூலண்ட் சில நாளில் மறுபடி குறைந்தால் ஹோஸ்களையும், வாட்டர் பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளையையும் பாருங்கள். வெளியே ஈரமே இல்லாமல் குறைவதும், ரேடியேட்டர் வாயில் குமிழி ஓயாமல் வருவதும், ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை போலப் படிவதும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போனதன் அடையாளங்கள். அந்த நிலையில் வண்டியைப் பட்டறை வரைகூட ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். அலுமினிய ஹெட் ஒரே ஒரு கொதிப்பில் வளைந்துவிடக்கூடியது.