சார்லஸ் இங்கல்ஸும் இரண்டு அரைப் பீப்பாய் மாவும்

கேள்வி: லாரா இங்கல்ஸ் வைல்டரின் நாவல்களை இப்போதுதான் படித்து முடித்தேன். ஆளில்லாப் புல்வெளியில் குடியேறி, அரசாங்கத்திடம் கைநீட்டாமல், குடும்பத்தைக் காப்பாற்றிய அவருடைய அப்பா சார்லஸ் இங்கல்ஸ் போன்றவர்களால்தான் அமெரிக்கா உருவானது என்கிறேன். சரிதானே? அவருடைய வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உழைப்பாளி என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ‘ஆளில்லா’, ‘கைநீட்டாமல்’ என்ற இரண்டு சொற்கள்தான் இடிக்கின்றன.

சார்லஸ் 1836-ல் நியூயார்க் மாநிலத்தின் கியூபா என்ற ஊரில் பிறந்தவர். முன்னோரான எட்மண்ட் இங்கல்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து 1629-ல் மாசசூசெட்ஸின் லின் ஊரில் குடியேறினார். அந்த எட்மண்டின் பேத்தி மார்த்தா கேரியரைத்தான் 1692-ல் அதே மாசசூசெட்ஸின் சேலத்தில் சூனியக்காரி என்று தூக்கில் போட்டார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து சார்லஸின் குடும்பம் விஸ்கான்சின் வரை நகர்ந்திருந்தது. 1860-ல் அவர் கரோலின் குவைனரைக் கல்யாணம் செய்துகொண்டார். இங்கல்ஸ் வீடும் குவைனர் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் மொத்தம் மூன்று கல்யாணங்கள். நம் ஊர்ச் சம்பந்திகள் தோற்றார்கள் போங்கள்.

சரி, ‘ஆளில்லா’ விஷயத்துக்கு வருவோம். 1869-ல் அவர் குடும்பத்தோடு போய் மரவீடு கட்டிய கான்சஸ் நிலம் ஓசேஜ் பழங்குடியினருக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது. அங்கே குடியேற அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. புறம்போக்கில் குடிசை போட்டால்கூட நாம் ஆக்கிரமிப்பு என்கிறோம். இது இன்னொருவர் பட்டா நிலம். அவர் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கானோர் அப்படி வந்து இறங்கினார்கள். ஓசேஜ்கள் எருமை வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர்களுடைய வயல்களில் புகுந்தவர்களும், குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. 1870-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: ஓசேஜ்கள் தெற்கே போய்விட வேண்டும், அந்த நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் குடியேறிகளுக்கு. போன இடத்திலும் ஓசேஜ்களுக்கு யாரும் சும்மா நிலம் கொடுக்கவில்லை. நிலம் விற்ற பணத்தில் செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள்.

சார்லஸ் அந்த விற்பனை வரை காத்திருக்கவில்லை. விஸ்கான்சினில் அவர் விற்ற பண்ணைக்கு வாங்கியவர் பணம் கட்டாததால் 1871-ல் அங்கேயே திரும்பிவிட்டார். கான்சஸில் குடும்பமே குளிர்க்காய்ச்சலில் படுத்தபோது மருந்து கொடுத்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளியில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிகிறது அல்லவா?

இப்போது ‘கைநீட்டாமல்’. 1874-ல் மினசோட்டாவின் வால்நட் குரோவில் ஓர் ஓடைக்கரையில் கோதுமை போட்டார். வெட்டுக்கிளிப் படை வந்தது. பயிரை மொட்டையடித்து, அதே மண்ணில் முட்டையும் இட்டுவிட்டுப் போனது. அடுத்த ஆண்டும் அறுவடை அவ்வளவுதான். மனிதர் கிழக்கே நடந்து போய் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தார். அதுவும் போதவில்லை. 1875 நவம்பர் கடைசியில், ‘என்னிடம் ஒன்றுமே இல்லை’ என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மாநில அரசிடம் நிவாரணம் வாங்கினார். கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மகன் பிறந்திருந்தான். நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு அல்ல இது. கைக்குழந்தையோடு ஆறு பேர். அந்தக் கையெழுத்தில் எந்த அவமானமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு மினசோட்டாவில் ஜான் பில்ஸ்பரி ஆளுநரானார். நிவாரணம் கொடுத்தால் விவசாயிகள் சோம்பேறியாவார்கள் என்ற கருத்துக்காரர். 1877 ஏப்ரல் 26-ஐ வெட்டுக்கிளி ஒழியப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். அவருடைய தொழில்? மாவு ஆலை. நம் மளிகைக் கடைகளில் வரும் பில்ஸ்பரி ஆட்டாவின் பெயர் அந்தக் குடும்பத்தினுடையதுதான்.

இங்கல்ஸ் குடும்பம் அதற்குள் அயோவாவின் பர் ஓக் ஊருக்குப் போய் ஓட்டல் வேலை பார்த்தது. போகும் வழியிலேயே, 1876 ஆகஸ்டில், ஒன்பது மாதக் குழந்தை இறந்துபோனது. பர் ஓக்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள், வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கி. 1879-ல் மூத்த மகள் மேரிக்குப் பார்வை போனது. பிறகு டகோட்டா. அங்கே ரயில்வே கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிய சார்லஸ், 1880-ல் டி ஸ்மெட் ஊருக்கு அருகே 160 ஏக்கர் எழுதிக்கொண்டார். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் போதும். செலவு, கட்டணமெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 18 டாலர். அந்தச் சட்டத்தால் அரசு மொத்தம் 27 கோடி ஏக்கர் கொடுத்தது. இதைவிடப் பெரிய இலவசம் எது?

உழைப்பையும் சொல்லாவிட்டால் பாவம். 1880-81 பனிக்காலத்தில் ரயில் மாதக்கணக்கில் வரவில்லை. கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை விறைத்த கையால் கயிறுபோல் முறுக்கி, முடிச்சிட்டு அடுப்பில் வைத்தார்கள். ஒரு முறுக்கு நிமிடக் கணக்கில்தான் எரியும். ஆகவே நாள் முழுக்க முறுக்க வேண்டும். விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். அதே குடும்பத்தின் மேரி, 1881-ல் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணம் கட்டியது டகோட்டா அரசு.

மாவு, அரசு கட்டிய கட்டணம், பர் ஓக், இறந்த குழந்தை — நாவலில் இவற்றைத் தேடாதீர்கள். 1932-லிருந்து நாவல்களாக வெளிவந்த லாராவின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திச் செதுக்கியவர் அவர் மகள் ரோஸ். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டங்களைக் கண்டாலே ஆகாதவர். தாயும் அதே கருத்துக்காரர்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது.

வாரிசுகளா? யாருமில்லை. மேரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. லாராவின் தங்கைகள் கேரி, கிரேஸ் இருவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. லாராவின் மகன் பிறந்த சில நாளில் இறந்தான், ரோஸின் குழந்தையும் தங்கவில்லை. 1968-ல் ரோஸோடு சார்லஸின் நேர்வழி முடிந்தது. டி ஸ்மெட்டில் அவர் 1887-ல் கட்டிய வீடு மட்டும் இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.