ஃபைல் எக்ஸ்புளோரரில் ஃபோல்டர்களை வேகமாகக் கண்டுபிடித்துத் திறப்பது எப்படி?

"எல்லாம் மவுஸில்தான் செய்கிறேன், ஒரு ஃபைலை எடுக்க ஒவ்வொரு தடவையும் ஆறேழு ஃபோல்டர் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது டிரைவில் வேலை செய்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் 11 வருடம் அப்படித்தான் ஓட்டினேன். வலது மணிக்கட்டு உடைந்த பிறகுதான் மாறினேன்.

கட்டட வரைபடம் போடுவது என் வேலை. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் 6 வாரம் மாவுக்கட்டு. நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டேன். மவுஸை இடது பக்கம் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பழகாத கையால் டபுள் கிளிக் செய்யும்போது விரல் அழுந்திய நிலையிலேயே மவுஸ் லேசாக நகரும். கம்ப்யூட்டருக்கு அது இழுத்துப் போடுவதாகத்தான் தெரியும். அப்படி ஒரு புராஜெக்ட் ஃபோல்டர் முழுதும் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் "ஃபோல்டரையே காணோமே, யாருப்பா டெலீட் பண்ணது?" என்று ஒரு குரல். பொது டிரைவில் அழித்தால் நம் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அதனால் எல்லோருக்கும் பதற்றம். 40 நிமிடம் எட்டுப் பேர் தேடினோம். கடைசியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பக்கத்து ஃபோல்டரைத் திறந்து பார்த்து, "அண்ணா, இங்க இருக்கு" என்றான். எல்லோரும் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்கள். நகர்ந்த கையோடு கண்ட்ரோல் இசட் அடித்திருந்தால் அப்போதே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். அது அன்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, இடது கைக்கு எட்டுகிற பட்டன்கள் எவையென்று உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் பட்டனோடு இ சேர்த்து அழுத்தினால் எக்ஸ்புளோரர் திறக்கும். ஆல்ட்டோடு டி சேர்த்தால் மேலே உள்ள அட்ரஸ் பாருக்குப் போகும். இரண்டும் இடது கையிலேயே முடிந்துவிடும், கட்டைவிரலும் நடுவிரலும் போதும். அட்ரஸ் பாரில் ஆங்கிலத்தில் டவுன்லோட்ஸ், டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப் என்று வெறும் பெயரை அடித்து என்டர் தட்டினாலே அந்த ஃபோல்டர் திறக்கும், எந்த டிரைவ், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்ற முழுப் பாதையும் வேண்டியதில்லை. மற்ற ஃபோல்டர்களுக்குப் பாதையை அடிக்கத் தொடங்கிச் சாய்கோடு (\) போட்டதும், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள் கீழே பட்டியலாக விழும். கீழ் அம்புக்குறியால் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும் இடத்தில் எதையும் கிளிக் செய்யாமல் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைச் சடசடவென்று அடித்துப் பாருங்கள். தேர்வு நேராக அந்த ஃபோல்டரில் போய் நிற்கும், என்டர் தட்டினால் திறக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் புதிதாகத் தேடத் தொடங்கிவிடும், ஆகவே நிறுத்தாமல் அடிக்க வேண்டும். திரும்பி ஒரு படி மேலே போக ஆல்ட்டும் மேல் அம்புக்குறியும். அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தேர்வு வேறு பகுதியில் மாட்டியிருக்கிறது. எஃப்6-ஐ ஒன்றிரண்டு முறை தட்டினால் பட்டியலுக்கு வந்துவிடும்.

இந்த எழுத்து வித்தை எங்கள் டிரைவில் முதல் வாரம் எனக்குக் கைகொடுக்கவே இல்லை. காரணம் பெயர்கள். எல்லா ஃபோல்டரும் "புராஜெக்ட்" என்று தொடங்கும். உள்ளே போனால் எல்லாம் "டிராயிங்" என்று தொடங்கும். முதல் எட்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் எதை அடித்து எதைப் பிடிப்பது? என் பொறுப்பில் இருந்த ஃபோல்டர்களுக்கு மட்டும் எஃப்2 அழுத்திப் பெயரைத் திருப்பிப் போட்டேன். எண் முதலில், பெயர் பிறகு. இப்போது 4, 1, 7 என்று மூன்று தட்டு, அந்த வேலையில் நிற்பேன். தேதி போடுவதாக இருந்தால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், அப்போதுதான் பட்டியலும் கால வரிசையில் நிற்கும். ஃபோல்டர் பெயர்கள் தமிழில் இருந்தாலும் எண்ணை முன்னால் வைப்பது நல்லது, கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்காது. வேகம் பட்டன்களால் பாதிதான் வரும், மீதி பெயர் வைப்பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே திறந்திருக்கிறது, வேறொரு மென்பொருளில் "சேவ் ஆஸ்" கொடுக்கிறீர்கள், அது வேறெங்கோ போய் நிற்கிறது. நம்மில் பலர் அங்கிருந்து மறுபடி ஆறு ஃபோல்டர் இறங்குவோம். வேண்டாம். திறந்திருக்கும் ஃபோல்டரில் ஆல்ட் டி, கண்ட்ரோல் சி. பிறகு சேவ் ஆஸ் பெட்டியில் ஃபைல் பெயர் எழுதும் இடத்தில் கண்ட்ரோல் வி, என்டர். பெட்டி அந்த ஃபோல்டருக்கே வந்து நிற்கும். அதன் பிறகு ஃபைல் பெயரை அடித்துச் சேமிக்கலாம். ஃபைல் திறக்கும் பெட்டியிலும் இதேதான். அந்த 6 வாரத்தில் இதை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

எக்ஸ்புளோரரின் இடது பக்கத்தில் உள்ள குவிக் ஆக்சஸ் பட்டியலில் ஐந்தாறு ஃபோல்டருக்கு மேல் பின் செய்யாதீர்கள் (நிரந்தரமாகக் குத்திவைக்காதீர்கள்), நீளமானால் அங்கேயும் கண்ணால் தேட வேண்டிவரும். அடிக்கடி திறப்பவற்றை விண்டோஸ் தானாகச் சேர்ப்பதை ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் நிறுத்திவிடலாம். நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாகப் போனால் கைப்பழக்கம் கெட்டுவிடும். இணைப்பில் இல்லாத நெட்வொர்க் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் கிடந்தாலும் எக்ஸ்புளோரர் திறக்கவே திணறும், எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டர் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து திறக்கிறதா? அதன் பிராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பகுதிக்குப் போய், படங்களுக்கு என்று இருப்பதை ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் பலருக்கும் இது பலன் தந்திருக்கிறது.

"எவரிதிங் என்று ஃபைல் தேடும் இலவச மென்பொருள் இருக்கிறதே, அதைப் போட்டால் முடிந்தது, இவ்வளவு கதை எதற்கு" என்று யாராவது வருவார்கள். நல்ல மென்பொருள்தான், வீட்டில் நானும் வைத்திருக்கிறேன். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாக ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) டிஸ்க் தனக்கென்று வைத்திருக்கும் ஃபைல் அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால்தான் அதற்கு அந்த வேகம். நெட்வொர்க் டிரைவை அதில் தனியாகச் சேர்க்க வேண்டும், அங்கே அந்த வேகம் வராது. என் அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ அனுமதியும் இல்லை. கேள்வி கேட்டவருக்கும் அப்படியே இருக்கலாம் என்றுதான் விண்டோஸிலேயே உள்ளதைச் சொன்னேன். "ஷார்ட்கட் எல்லாம் பந்தா" என்பவர்களுக்கும் ஒன்று: ஒற்றைக் கையால் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 10 நாள் விடுப்புக் கேட்டதற்கு 3 நாள்தான் கிடைத்தது. கட்டோடு வந்து உட்கார்ந்து ஒரு வரைபடமும் தாமதமாகாமல் கொடுத்தேன். வருடக் கடைசி மதிப்பீட்டில் "அந்தக் காலாண்டில் வேகம் குறைவு" என்று எழுதியிருந்தார்கள், காணாமல் போன ஃபோல்டர் கதையும் அதில் இருந்தது. கை உடைந்திருந்தது என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு "படிவத்துல அதுக்கு இடம் இல்லைங்க" என்றார்கள். இன்றைக்கும் ஆறவில்லை.

நீங்கள் மேக் வைத்திருந்தால், எக்ஸ்புளோரருக்குப் பதில் அதில் இருக்கும் ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பாதை கேட்கும் பெட்டி வரும். லினக்ஸில் பெரும்பாலான ஃபைல் மேனேஜர்களில் கண்ட்ரோலும் எல்லும். பெயரின் முதல் எழுத்துகளை அடித்துத் தாவுவது ஃபைண்டரிலும் உண்டு. உங்கள் பொது டிரைவில் பெயர் மாற்ற உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், அதிகம் போகும் நான்கு ஃபோல்டருக்கு மட்டும் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போட்டு, அந்த ஷார்ட்கட்டுகளுக்கு 1, 2, 3, 4 என்று பெயர் வையுங்கள்.